நடுவில் என்ன தெரியுது?

போன மாதம் ஒரு சாயங்காலம் நகராட்சி வண்டி ஒன்று எங்கள் தெருவுக்கு வந்தது. மூலை வீட்டு வேப்பமரத்தை ஒட்டிய கம்பத்தில் ஏணியைச் சாய்த்து, பழைய சோடியம் விளக்கைக் கழற்றினார்கள். அந்த இடத்தில் தட்டையான எல்.இ.டி. விளக்கு ஏறியது. எல்லாம் கால் மணி நேர வேலை. இருட்டியதும் தெரு வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. வாசல் கோலத்தின் புள்ளிகூடத் தெரிகிறது. டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளைகளுக்கு நல்லது, மின்சாரச் செலவும் குறைவு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் வாசற்படியை விட்டு எழுந்திருக்க எனக்கு வெகுநேரம் மனசு வரவில்லை. எங்கள் தெருவின் கடைசி மஞ்சள் வெளிச்சம் அது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் மூடிய ஓர் அறைக்குள், அந்த மஞ்சளில்தான் நான் இயற்பியல் கற்றுக்கொண்டேன்.

அச்சு அசலாக அதே மஞ்சள் இல்லை. தெருவில் எரிந்தது உயர் அழுத்தச் சோடியம் விளக்கு. அதில் வேறு நிறங்களும் கொஞ்சம் கலந்திருக்கும். ஆய்வகத்தில் எரிந்தது தாழ் அழுத்த விளக்கு. அது கிட்டத்தட்ட ஒரே நிறம்தான். 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் என்று ஒட்டி ஒட்டி நிற்கும் இரண்டு கோடுகள், அவ்வளவே. அந்த வெளிச்சத்தில் உலகமே மஞ்சளும் கறுப்புமாக மாறிவிடும். தோழியின் சிவப்பு ரிப்பன் கறுப்பாகத் தெரியும். சிவப்பு மையில் சார் போட்ட கையெழுத்து கறுப்பாகத் தெரியும். ஒருத்தர் உதட்டை ஒருத்தர் பார்த்து, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் மாதிரி இருக்கிறோமே என்று முதல் நாள் பயந்துபோனோம். சிவப்பு தெரிய வேண்டுமென்றால் விளக்கில் சிவப்பு இருக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்தில் அதைப் பாடமாகப் படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

எங்கள் ஊர் சுந்தரபாண்டியம். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி இருக்கிறது. தறிச் சத்தம் கேட்காத தெரு அங்கே கிடையாது. அப்பாவுக்கும் தறிதான். பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் தமிழில் படித்தவள். மதுரையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் கிடைத்தபோது, "அது என்ன படிப்பு, முடிச்சா என்ன வேலை?" என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள். அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. "புள்ளைக்குப் பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொல்லி, ஒரு டிரங்குப் பெட்டியோடு என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்.

முதல் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, "லெட் அஸ் கன்சிடர் எ பார்ட்டிக்கிள் ஆஃப் மாஸ் எம்" என்று ஆரம்பித்தார். பக்கத்துப் பெண்கள் மளமளவென்று எழுதினார்கள். எனக்குக் கடைசியில் வந்த அந்த 'எம்' மட்டும்தான் பிடிபட்டது. ஒரு வாரம் அப்படியே போனது. பிறகு நோட்டுப் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் வகுப்பில் காதில் விழும் ஆங்கிலச் சொல், வலது பக்கம் எனக்குத் தெரிந்த தமிழ்ச் சொல். மொமெண்டம் என்றால் உந்தம். ஆக்சிலரேஷன் என்றால் முடுக்கம். மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா என்பது நிலைமத் திருப்புத்திறன் என்று கண்டுபிடித்த அன்று, தொலைந்துபோன உறவுக்காரரைச் சந்தையில் பார்த்தது போல இருந்தது. எல்லாம் தெரிந்த ஆட்கள்தான், உடுப்பு மட்டும்தான் வேறு.

சில இடங்களில் தமிழ்ச் சொல்லே எனக்கு வழியும் காட்டியது. டிஃப்ராக்ஷன் என்ற சொல்லைக் கேட்டால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாது. தமிழில் அது விளிம்பு விளைவு. விளிம்பைப் பார் என்று பெயரே சொல்லிவிடுகிறது. விடுதி அறையில் குழல்விளக்குக்கு நேரே இரண்டு விரல்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, நடுவில் மயிரிழை இடைவெளி விட்டுப் பார்த்தேன். இடைவெளிக்குள் மெல்லிய கறுப்புக் கோடுகள் நின்றன. வகுப்பில் ஆங்கிலத்தில் தேர்ந்த பெண்களுக்கு அதைக் காட்டியபோதுதான், அவர்களுக்குச் சமமாக நானும் உட்காரலாம் என்ற தைரியம் வந்தது.

இரண்டாம் வருஷத்தில் ஒளியியல் செய்முறை. இருட்டறைக்கு ஓர் உதவியாளர் அண்ணன் இருந்தார். நாங்கள் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்பே சோடியம் விளக்கைப் போட்டு வைப்பார். போட்டவுடன் மஞ்சள் வராது. முதலில் இளஞ்சிவப்பாக மினுங்கும், அது உள்ளே இருக்கும் நியான் வாயுவின் நிறம். குழாய் சூடாகிச் சோடியம் ஆவியானபின் மெதுவாக மஞ்சள் ஏறும். "அணைச்சு அணைச்சுப் போடாதீங்கம்மா, அது மூச்சு வாங்கும்" என்பார் அண்ணன். அவர் இயற்பியல் படித்தவர் இல்லை. ஆனால் எந்த லென்ஸில் கீறல், எந்த நுண்ணோக்கியின் திருகு தளர்ந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒருநாள் எனக்கு விழுந்தது நியூட்டன் வளையங்கள். தட்டையான கண்ணாடிமேல் ஒரு பக்கம் குவிந்த லென்ஸை வைத்து, மேலிருந்து மஞ்சள் ஒளியை விழவிட்டு, நகரும் நுண்ணோக்கி வழியாகப் பார்க்க வேண்டும். லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள காற்றுப் படலம் நடுவில் மெல்லிசு, ஓரம் போகப் போகத் தடிமன். அதனால் ஒளியும் இருளும் மாறி மாறி வட்டம் வட்டமாகத் தெரியும். குறுக்குக் கம்பியை இருபதாவது வளையத்தில் ஒட்டவைத்து அளவு எடுத்து, பதினெட்டு, பதினாறு என்று உள்ளே வந்து, நடுவைத் தாண்டி மறுபக்கம் இருபது வரை போக வேண்டும். திருகை ஒரே திசையில்தான் திருப்ப வேண்டும். ஒரு வளையம் தாண்டிவிட்டதே என்று பின்னால் திருப்பினால் திருகின் தளர்ச்சி அளவில் கலந்துவிடும், மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். சென்டிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை படிக்கும் கருவி அது. கண் வலிக்கும், கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ஆசிரியர் வந்து நின்றார். என் நோட்டை எடுத்துப் பார்த்தார்.

"நடுவில் என்ன தெரியுது?"

"கறுப்புப் புள்ளி சார்."

"பார்த்துச் சொல்றியாம்மா, படிச்சுச் சொல்றியா?"

குனிந்து பார்த்தேன். நடுவில் மஞ்சள் வட்டம் பளிச்சென்று இருந்தது. அரை மணி நேரமாக அதைத் தாண்டிப் போய் வந்திருக்கிறேன், ஆனால் ஒருமுறையும் பார்க்கவில்லை.

"வெளிச்சமா இருக்கு சார்."

"அப்புறம் ஏன் கறுப்புன்னு எழுதியிருக்க?"

"புத்தகத்துல அப்படித்தான் சார் போட்டிருக்கு."

அவர் கோபப்படவில்லை. லென்ஸைக் கையில் எடுத்து விளக்குக்கு நேரே சாய்த்துக் காட்டினார். ஒரு தூசி ஒட்டியிருந்தது. மெல்லிய துணியால் துடைத்துத் திரும்ப வைத்தார். இப்போது நடுவில் கறுப்புப் புள்ளி, மை சொட்டியது போல. லென்ஸும் கண்ணாடியும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் கறுப்புத்தான் வர வேண்டும். காற்றிலிருந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி அரை அலை தள்ளித் திரும்புகிறது, லென்ஸின் அடிப்பக்கத்தில் திரும்பும் ஒளிக்கு அந்தத் தள்ளல் இல்லை, இரண்டும் எதிரெதிராகச் சேர்ந்து அழிகின்றன. நடுவில் ஒரு தூசி புகுந்து லென்ஸைக் கொஞ்சம் தூக்கினால் கணக்கு மாறிவிடும். அலைநீளத்தில் கால்வாசி தூக்கினாலே கறுப்பு வெளிச்சமாகிவிடும்.

"சரி, துடைக்காமலே நீ அளவெடுத்திருந்தா லென்ஸோட வளைவு ஆரம் தப்பா வந்திருக்குமா?" என்று கேட்டார்.

வந்திருக்கும் என்றேன். கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த மஞ்சள் வெளிச்சத்திலேயே போட்டேன். தூசியின் உயரம் ஒவ்வொரு வளையத்திலும் ஒரே மாதிரி வந்து நின்றது. நாம் எடுப்பது விட்டங்களின் வர்க்கங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். கழித்தபோது தூசி காணாமல் போய்விட்டது. விடை மாறவே இல்லை.

"தப்பைத் தாங்குற மாதிரிதாம்மா இந்த முறையை வச்சிருக்காங்க" என்றார். "தூசி இருக்கும், கை நடுங்கும், கண்ணாடி கீறியிருக்கும். அதையெல்லாம் அது தாங்கும். பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதுறதைத் தாங்கத்தான் அதுல இடம் இல்லை."

மூன்று வருஷப் படிப்பில் நூற்றுக்கணக்கான சூத்திரங்கள் எழுதினேன். பாதி மறந்துவிட்டது. இந்தச் சொல் மறக்கவில்லை.

அந்தக் காலத்து ஆய்வகத்தில் வேறொரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. முந்தின வருஷத்து அக்காக்களின் ரெக்கார்டு நோட்டுகள் கைமாறி வரும். பழுப்பு அட்டை, இடது பக்கம் கோடில்லாத தாளில் பென்சில் படமும் அட்டவணையும், வலது பக்கம் மையில் விளக்கம். அளவுகளும் அதோடு சேர்ந்தே கைமாறும். நேரம் போதாவிட்டால், விடையை முதலில் எழுதிக்கொண்டு அளவுகளைப் பின்னோக்கிப் போடுவார்கள். எங்கள் பேச்சில் அதற்குச் 'சமையல்' என்று பெயர். கூட்டு ஊசல் செய்து புவியீர்ப்பு முடுக்கம் கண்டால், வகுப்பு முழுக்க 980 என்றே வரும். பாடப் புத்தகத்தில் 980 என்று இருக்கிறதே.

நியூட்டன் வளையத்துக்குப் பிறகு என்னால் சமைக்க முடியவில்லை. கூட்டு ஊசலில் எனக்கு 977 வந்தது. மூன்று முறை செய்தேன், 976, 978, மறுபடி 977. பயந்துகொண்டே ஆசிரியரிடம் காட்டினேன். அவர் நூலகத்திலிருந்து அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்து வரச் சொன்னார். பூமி துருவத்தில் தட்டையாகவும் நடுவில் புடைத்தும் இருக்கிறது, சுற்றவும் செய்கிறது. அதனால் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஊர்களில் அந்த மதிப்பு குறைவு. நம் மதுரைப் பக்கம் அது 978க்குச் சற்று மேலே. புத்தகத்து 980 பூமி முழுமைக்கும் பொதுவாக வைத்துக்கொண்ட எண். பூமி எங்கள் கையில் சரியான பதிலைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது, நாங்கள் வருஷா வருஷம் அதை அடித்துத் திருத்தியிருக்கிறோம்.

செய்முறைத் தேர்வில் சீட்டு எடுத்தபோது எனக்கு அதே கூட்டு ஊசல் விழுந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் தாளைப் பார்த்து, "980 வரணுமே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நம் ஊரில் 978 சார் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் கேட்டவருக்குத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நின்றுவிட்டேன். 977க்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்தது. 980 எழுதிய தோழிக்கு என்னைவிட மதிப்பெண் கூட. விடுதியில் அழுதேன். ஆசிரியரிடம் போய்ச் சொன்னபோது, "மார்க் அவர் கொடுக்கிறது. 977 நீ எடுத்தது. ரெண்டையும் குழப்பிக்காதே" என்றார்.

எனக்கு எல்லாக் கருவிகளையும்விடப் பிடித்தது நிறமாலைமானி. தொலைநோக்கியை முதலில் தூரத்துப் பொருளுக்குச் சரிசெய்ய வேண்டும் என்பதால் கறுப்புத் துணியை விலக்கி அதை ஜன்னல் பக்கம் திருப்புவோம். வளாகத்துப் புளியமரம் தலைகீழாகத் தொங்கும். கிளையில் ஒரு காகம் காலை மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அது தெளிவாகத் தெரியும்வரை திருகிவிட்டு, பிறகு இருட்டுக்குத் திரும்புவோம். முப்பட்டகத்தை மேசைமேல் வைத்து, மஞ்சள் கோட்டைத் தொலைநோக்கியில் பிடித்து, மேசையை மெதுவாகத் திருப்ப வேண்டும். கோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். ஓர் இடத்தில் நிற்கும். நாம் அதே திசையில் திருப்பிக்கொண்டே இருந்தாலும், அது வந்த வழியே திரும்பிப் போகும். அந்தத் திரும்புமிடம்தான் சிறும திசைமாற்றக் கோணம். அங்கே கையை நிறுத்தப் பழகுவதற்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த மஞ்சள் கோடு நின்று திரும்புவது தெரியும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த சி.வி. ராமனும் இதே போன்ற நிறமாலைமானியில்தான் ஆரம்பித்தார். முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகவும் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது, நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் விளிம்பு விளைவுப் பட்டைகள் ஒரே அளவாக இல்லை என்று கவனித்தார். அதைத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1906இல் லண்டனிலிருந்து வந்த 'ஃபிலசாஃபிக்கல் மேகஸின்' இதழில் வெளியானது. அவருக்கு அப்போது பதினெட்டு வயது. கோணம் அளக்க உட்கார்ந்த ஒரு மாணவன், பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்ததையும் விடாமல் பார்த்தான் என்பதுதான் அந்தக் கதையில் என்னை உலுக்கியது.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, அப்பாவிடம் கீற்றணியைப் பற்றிச் சொன்னேன். "அப்பா, எங்க லேபுல ஒரு கண்ணாடி இருக்கு. ஓர் அங்குலத்துக்குப் பதினஞ்சாயிரம் கோடு." அப்பா தறியை நிறுத்தினார். இழை எண்ணும் சின்ன மடக்குக் கண்ணாடியைச் சேலைமேல் வைத்து, ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்று தினமும் எண்ணுகிறவர் அவர். எண்பதுக்கும் நூறுக்கும் மேல் போனாலே அது நயம் சேலை. "பதினஞ்சாயிரமா? எந்தத் தறியில பாப்பா?" என்றார். வைர முனை வைத்த இயந்திரத்தில் கீறுவார்கள் என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஆளோட கை எப்பேர்ப்பட்ட கையா இருக்கணும்" என்றார்.

அன்று ராத்திரி அவரையே ஒரு சோதனைக்குக் கூட்டிப்போனேன். பஸ் நிறுத்தத்துப் பக்கம் தூரத்தில் ஒரே ஒரு சோடியம் விளக்கு, எங்கள் தெருமுனையிலிருந்து பார்த்தால் மஞ்சள் பொட்டாகத் தெரியும். அப்பா நெய்த மெல்லிய நூல் சேலையின் ஒரு மடிப்பை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் விரித்துப் பிடித்தேன். ஒற்றைப் பொட்டு சிலுவை போலப் பல பொட்டுகளாகப் பிரிந்து நின்றது. சேலையைச் சுழற்றினால் பொட்டுகளும் சுழன்றன. சாய்த்துப் பிடித்தால் இழைகள் நெருங்கினது போலாகி, பொட்டுகள் இன்னும் விலகின. அப்பா வாங்கிப் பார்த்தார். பாவையும் ஊடையையும் விரலால் தடவிக்கொண்டே, "இது ஊடை, இது பாவு" என்று பொட்டு வரிசைகளைக் காட்டினார். எந்த வரிசை எந்த இழையால் வருகிறது என்று நான் யோசிப்பதற்குள் அவர் சேலையைத் திருப்பித் திருப்பிக் கண்டுபிடித்துவிட்டார். நாற்பது வருஷம் நெய்த துணிக்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறதே என்று அன்றைக்கு அவர் தூங்கவில்லை.

எம்.எஸ்ஸி.க்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம். 1966இல் தொடங்கியது, பல்கலை நகரில் நாகமலையைப் பார்த்தபடி இருக்கிறது. முதல் வாரம் ஒரு பேராசிரியர் ஒவ்வொருவர் ஊரையும் கேட்டார். "சுந்தரபாண்டியம் சார், வத்திராயிருப்புப் பக்கம்" என்றேன். "அட, கிருஷ்ணன் ஊரா?" என்றார். எந்தக் கிருஷ்ணன் என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பு முடிந்ததும் அவர் சொன்னதைக் கேட்டு வெட்கப்பட்டேன். கே.எஸ். கிருஷ்ணன் 1898இல் பிறந்தது வத்திராயிருப்பில். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் படித்தவர். கல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து, 1928இல் ராமன் விளைவுக்கு வழிவகுத்த சோதனைகளைச் செய்தவர். பின்னாளில் தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். வத்திராயிருப்பு நான் பஸ் மாறிய ஊர். பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் எனக்கு அவர் பெயரைச் சொன்னதில்லை.

அந்த ஆரம்பச் சோதனைகளைப் பற்றிப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சூரிய வெளிச்சம், சில வண்ண வடிகட்டிகள், தூய்மையாக்கிய திரவங்கள், இருட்டுக்குப் பழகிய கண். சிதறி வரும் மங்கலான ஒளியில் நிறம் மாறியிருக்கிறதா என்பதை முதலில் கண்ணால்தான் பார்த்தார்கள். பார்த்ததைப் பார்த்தபடி குறித்தார்கள். என் ஆசிரியர் இருட்டறையில் கேட்ட அந்தக் கேள்விக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

குவாண்டம் இயக்கவியல் என்னை ஆட்டிப் படைத்தது. பாடப் புத்தகம் மாத்யூஸும் வெங்கடேசனும் எழுதியது. சென்னையில் இருந்தவர்கள் எழுதிய புத்தகத்தை நாடெங்கும் படிக்கிறார்கள் என்பதே ஒரு பலமாக இருந்தது. ஆனால் பள்ளியில் படித்த அணு, சூரியனைக் கோள்கள் சுற்றுவது போல எலக்ட்ரான் சுற்றும் அணு, அங்கே இல்லை. இவ்வளவு நாள் படித்தது வீணா என்று தோன்றியது. அப்போது நூலகத்தில் சந்திரசேகரின் கதை கிடைத்தது. 1928இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவரான சந்திரசேகர் அவரை விடுதியில் போய்ப் பார்த்தார். உங்கள் அணு அமைப்புப் புத்தகத்தை முழுதும் படித்திருக்கிறேன் என்றார். அதெல்லாம் பழசாகிவிட்டது, புதிய குவாண்டம் இயக்கவியல் வந்துவிட்டது என்றார் சோமர்ஃபெல்ட். தம்முடைய அச்சாகாத கட்டுரையின் படியையும் கொடுத்தார். சந்திரசேகர் புதியதைப் படிக்க உட்கார்ந்தார். அடுத்த வருஷமே லண்டன் ராயல் சொசைட்டி இதழில் அவர் கட்டுரை வந்தது. 1983இல் நோபல் பரிசு பெற்றவருக்கும் ஒருநாள் படித்தது பழசாகியிருக்கிறது. நானும் புத்தகத்தை மறுபடி முதல் பக்கத்திலிருந்து திறந்தேன்.

கடைசிப் பருவத்தில் ஆய்வுத் திட்டம். எனக்குக் கிடைத்தது படிக வளர்ப்பு. பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டைத் தண்ணீரில் தெவிட்டும் அளவுக்குக் கரைத்து, வடிகட்டி, பீக்கரின் வாயைத் தாளால் மூடி, ஊசியால் சில துளைகள் போட்டு, ஆட்டம் அசைவில்லாத இடத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் மெல்ல மெல்ல ஆவியாகும். அடியில் போட்ட சின்ன விதைப் படிகம் நாள் கணக்கில், வாரக் கணக்கில் வளரும். ஒரு நாளைக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதைத் தவிர நமக்கு வேலையில்லை. பதினோராம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று பீக்கரைத் தூக்கிவிட்டேன். மறுநாள் காலையில் அடி முழுக்கக் கற்கண்டுத் தூள் போலக் குட்டிக் குட்டிப் படிகங்கள். அசைத்ததில் கரைசல் ஓரிடத்தில் சேராமல் நூறு இடத்தில் சேர்ந்துவிட்டது. என் விதைப் படிகம் அவற்றுக்குள் புதைந்து கிடந்தது.

மறுபடி ஆரம்பித்தேன். ஐந்து வாரத்தில் சுண்டுவிரல் நுனியளவு படிகம் கிடைத்தது. ஓரங்கள் சீவிவிட்டது போல, உள்ளே தண்ணீர் நிற்பது போல அவ்வளவு தெளிவு. ஆய்வறிக்கை எழுதும்போது முதல் முயற்சியை விட்டுவிடலாமா என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "எதுக்கு விடணும்? ஏன் கெட்டுச்சுன்னு எழுது. அடுத்த வருஷம் வர்ற பொண்ணு பீக்கரைத் தூக்காம இருப்பா" என்றார். எழுதினேன். என் ஆய்வறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

இன்றைக்கு நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியை. மடக்கை அட்டவணைப் புத்தகத்தைத் திறந்து பக்கம் தேட என் மாணவிகளுக்குத் தெரியாது, தேவையும் இல்லை. கைப்பேசியிலேயே ஊசலின் அலைவு நேரத்தை அளக்கும் செயலி இருக்கிறது. சோதனையைக் காணொளியில் முன்கூட்டியே பார்த்துவிட்டு வருகிறார்கள். நாங்கள் ஒரு வாரம் அலைந்து தெரிந்துகொண்டதை அவர்கள் ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்கிறார்கள். எனக்கு அது மகிழ்ச்சிதான். ஆனால் நிறமாலைமானி முன்னால் உட்கார்ந்ததும், "டீச்சர், முப்பட்டகத்தோட கோணம் 60 டிகிரிதானே, போட்டுறலாமா?" என்று ஒரு குரல் ஒவ்வொரு வருஷமும் கேட்கிறது. அந்தக் குரலில் பத்தொன்பது வயது நானே உட்கார்ந்திருக்கிறேன்.

விளக்கு மாறிய மறுநாள் காலையில் அப்படிக் கேட்ட மாணவியின் பக்கத்தில் போய் நின்றேன். "நீ பார்த்தப்போ என்ன தெரிஞ்சுது?" என்றேன். மறுபடி குனிந்தாள். இடது வெர்னியர், வலது வெர்னியர் இரண்டையும் படித்தாள். கூட்டினாள், வகுத்தாள். 59 டிகிரி 48 நிமிடம். "தப்பா வந்திருக்கு டீச்சர்" என்றாள் முகம் வாடி. "அது உன்னோடது. அப்படியே எழுது" என்றேன்.

செய்முறைத் தேர்வு முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்ததும் எத்தனை மார்க் வரும் என்று கேட்கிறோம். பெற்றோருக்கும், என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள்: அதற்கு முன்னால், "உள்ளே என்ன தெரிஞ்சுது?" என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்டுவிட்டு, பிள்ளை யோசித்துப் பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.